மூக்கையா செட்டுக்கு ஒரு ஊசி

கீழ்க்கணக்கு லயம், ருவான்வெல்லை
18.02.2024

தம்பி காளிதாஸுக்கு,

சுகம் விசாரிக்கிற கடிதமென்று நினைத்துக் குளிர்ந்துவிடாதே. ஒரு காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு, வீட்டுப் படி ஏறாமல் மயானத்திலிருந்தே கொழும்பு பஸ் ஏறிப் போனவன் நீ. தீட்டுக் கழிந்ததும் மாரியம்மன் முன்னால் கற்பூரத்தை அடித்து அணைத்து, இனி இவனோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று சத்தியம் பண்ணினவள் நான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அப்பாவின் ரெக்கோட் பெட்டி படுத்துவிட்டது. சித்திரைப் பௌர்ணமிக்குத் திருவிழா. ஓயா ஆற்றிலிருந்து கரகம் வந்து கோயில் வாசலில் நிற்கும்போது முதல் பாட்டு அப்பா பெயரில் ஓடுகிற இந்த மூக்கையா செட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பது இந்தத் தோட்டத்தில் நம் வீட்டுக்கு இருக்கிற ஒரே மரியாதை. அப்பா போனபிறகும் நானும் என் மகள் லக்ஷிகாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதை விடாமல் காப்பாற்றி வருகிறோம். போன வருஷம் அம்மன் பாட்டு தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி பாதிவரை வந்து நின்றுவிட்டது. கோயில் கமிட்டிச் செயலாளர் சுரேந்திரன் இப்போது வீட்டு வாசலில் வந்து நின்று சொல்கிறான்: "இந்தா பாருங்கக்கா, இந்த வருசம் ஒங்க பெட்டி பாடலன்னா மொத பாட்டு வரக்காப்பொல சவுண்டுகாரங்களுக்குத்தான். பென் டிரைவ சொருகினா அது பாட்டுக்குப் பாடிட்டுப் போகுது. நாளைக்கு எம்மேல கோவப்படாதீங்க." இவன் அப்பனுடைய கல்யாணத்துக்கு ஓசியில் பாட்டுப் போட்டவர் நம் அப்பா!

பசாரில் ரேடியோ திருத்துகிறவரிடம் காட்டினேன். மோட்டார் நல்லதாம், தட்டு சுற்றுகிறதாம். ஊசியும் அது பொருத்தியிருக்கிற காட்ரிஜும்தான் செத்துவிட்டதாம், இங்கே கிடைக்காதாம். நீ கொழும்பில் எலக்ட்ரிக் கடையில்தானே காலம் தள்ளுகிறாய்? சரியானதாகப் பார்த்து ஒன்று அனுப்பு. உனக்காக இல்லை, எனக்காக இல்லை, கோயிலுக்காக.

அன்னலட்சுமி


மருதானை, கொழும்பு
26.02.2024

அக்காவுக்கு,

ஊசி கேட்டு எழுதியிருக்கிறீங்க. ஊசி கேட்பதற்கு இந்த உலகத்தில் என்னைவிட்டால் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

அந்த வருஷத் திருவிழா உங்களுக்கு மறந்திருக்கும். அடி வாங்கியது என் கன்னம்தானே. ஊசி தேய்ந்துவிட்டது, மாற்றுங்க மாற்றுங்க என்று நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஊசி ஒண்ணும் தேயல, ஒனக்குத்தான் புத்தி தேஞ்சு போச்சு" என்றார் பெட்டிக்குச் சொந்தக்காரரான அவர். கரகம் வாசலில் நிற்கும்போது பாட்டு ஓரடியிலேயே மாட்டிக்கொண்டு, "தாயே தாயே தாயே" என்று கத்த ஆரம்பித்தது. மேற்கணக்கு லயத்து ஆட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் வந்து, கரகத்துக்கு முன்னால், தோட்டமே பார்க்க, மீசை முளைத்த என்னை அறைந்தார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை. அன்றைக்கு வீட்டைவிட்டு இறங்கினவன் நான், முப்பது வருஷம். இப்போது அதே பெட்டிக்கு அதே ஊசியை நானே வாங்கி அனுப்ப வேண்டுமாம். நல்ல நியாயம்.

ஆனாலும் அனுப்புகிறேன். சுரேந்திரனுக்குக் குளிரக்கூடாது என்பதால் மட்டும்.

பெட்டியில் முன்பு இருந்தது செரமிக் வகை. முரட்டுச் சாமான், இசைத்தட்டின்மேல் ஏறி மிதித்துக்கொண்டு ஓடும். நான் அனுப்புவது காந்த வகை, ஜப்பான்காரன் செய்தது. பழைய சாமான் கடைகளில் அலைந்து பிடித்தேன். வைர ஊசி, முனை மெல்லிசு. இரண்டு கிராம் பாரம் போதும், பூனை நடக்கிற மாதிரி நடக்கும், தட்டு தேயாது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். ரேடியோக்காரரை வைத்து மாட்டுங்க. நீங்க கை வைக்காதீங்க.

காளிதாஸ்


ருவான்வெல்லை
10.03.2024

தம்பிக்கு,

உன் ஜப்பான் வைரம் வந்தது. கண்டக்டர் பையன் சட்டைப் பைக்குள் வைத்து, "அக்கே, பரிஸ்ஸமின் கெனாவா" என்று சிங்களத்தில் சொல்லி, அத்தனை பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். அவ்வளவு பத்திரம் அதற்குத் தேவையே இல்லை.

ரேடியோக்காரர் மாட்டினார். பாட்டு வைத்தோம். ஸ்பீக்கர் குழாயில் காதை வைத்துக் கேட்டால் ஒரு கொசு பாடுகிறது. வால்யூமைக் கடைசிவரை திருகினோம், கொசு கொஞ்சம் கோபமாகப் பாடியது. நான்கு லயத்துக்குக் கேட்க வேண்டிய பாட்டு எங்கள் அடுப்படிக்குக் கேட்கவில்லை. சரி, இன்னொருமுறை வைத்துப் பார்ப்போம் என்று லக்ஷிகா ஊசி தாங்குகிற கையை இறக்கினாள். ஊசி அப்படியே மடிந்து குப்புறப் படுத்துக்கொண்டது. பூனை நடையாம் பூனை நடை. அந்தப் பூனைக்கு நான்கு காலும் முறிந்துபோய்விட்டது.

எந்த வேளையில்தான் வந்தானோ, சுரேந்திரன் படலைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "கொழும்புத் தம்பி அனுப்பினதாக்கா? நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பது வருஷமாக அந்தக் கடையில் நீ என்னதான் விற்கிறாய், கண்ணாடி வளையலா? அப்பாவின் மேல் இருக்கிற காய்ச்சலைப் பெட்டியின் மேல் காட்டுகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியில்லை என்றால் உருப்படியாக ஒன்று அனுப்பிக் காட்டு.

அன்னலட்சுமி


மருதானை
16.03.2024

அக்காவுக்கு,

சத்தம் கேட்காததற்குக் காரணம் அம்பிளிபயர். காந்த வகைக்குச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி இடையில் வேண்டும், அந்தப் பழைய அம்பிளிபயரில் அது கிடையாது. நான் அதைக் கண்ணால் பார்த்தே முப்பது வருஷம், நினைவில் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊசி மடிந்தது என் கணக்கில் வராது. வைர ஊசி தானாகக் குப்புறப் படுக்காது. யாரோ அதன்மேல் கையை அமுக்கியிருக்கிறீங்க. பால் வாளி தூக்குகிற கையால் ஊசியைத் தூக்கினால் இப்படித்தான். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சும்மாவா சொன்னார்கள்?

எனக்கு அவர்மேல் காய்ச்சல் இருப்பது உண்மை. அதைப் பெட்டியின் மேல் காட்டுகிற அளவுக்கு நான் கேவலமானவன் இல்லை. அந்தப் பெட்டிதான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது, அவரில்லை.

இந்தமுறை யோசித்துத்தான் எடுத்தேன். கடையில் இரண்டு தினுசு இருந்தது. ஒன்றின் முனை நீள்வட்டம். அது தட்டின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து எடுக்கும், ஆனால் தேய்ந்த தட்டென்றால் உள்ளே இருக்கிற குற்றம் குறையெல்லாம் சபைக்குக் கொண்டுவந்துவிடும். மற்றது உருண்டை முனை, கண்டும் காணாதது மாதிரி ஓடும். நம் தட்டுகளுக்கு உருண்டைதான் சரி. ஆகவே உருண்டை முனையில், சிவப்பு நிறச் செரமிக் காட்ரிஜ் அனுப்புகிறேன். பழைய அம்பிளிபயரில் நேராகக் கத்தும். ஆறு கிராம் பாரம் தாங்கும். அதற்குமேல் ஒரு பொட்டும் தாங்காது. கையை வைத்து அமுக்காமல் இருந்தால் இன்னும் பத்துத் திருவிழா காணும்.

காளிதாஸ்


ருவான்வெல்லை
24.03.2024

காளிதாஸுக்கு,

தம்பி என்று எழுதவும் மனம் வரவில்லை. பால் வாளி தூக்குகிற கையாமே! ரப்பர் மரத்தைக் கீறி, பால் எடுத்து, வாளி தூக்கித்தான் அம்மா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். நானும் அதே வாளியைத் தூக்கித்தான் லக்ஷிகாவை ஆசிரியையாக ஆக்கினேன். அந்தக் கை எதை எப்படித் தூக்க வேண்டும் என்று ஒரு சட்டை மடிப்புக் கலையாத எலக்ட்ரிக் கடைக்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் சிவப்புச் சாமானும் போயிற்று. சத்தம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பாட்டின் முதல் அடி குழாயில் கணீரென்று வந்ததும் அடுத்த லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள், எனக்கே கண் கலங்கிவிட்டது. இரண்டாம் அடியில் கரகரவென்று இழுத்தது. கையைத் தூக்கிப் பார்த்தால் ஊசி மேலே மடங்கி, காட்ரிஜின் வயிறு தட்டில் உரசிக்கொண்டு ஓடியிருக்கிறது. யாரும் அமுக்கவில்லை. லக்ஷிகா ஒற்றை விரலால் தூக்கி ஒற்றை விரலால் வைத்தாள், நான் பக்கத்தில் நின்றேன். மாரியம்மன்மேல் ஆணை.

ஊசி தெரிந்து வாங்கத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடு. வரக்காப்பொலக்காரன் பென் டிரைவில் பாடட்டும், மூக்கையா வீட்டு மரியாதை ஓயாவோடு போகட்டும். உனக்கென்ன, நீதான் மரியாதையை மருதானைக்குக் கொண்டுபோய்விட்டாயே.

அன்னலட்சுமி


மருதானை
29.03.2024

அக்காவுக்கு,

பொறுக்க முடியாமல் லக்ஷிகாவிடம் கேட்டேன், அவள் பெட்டியைப் படம் பிடித்துப் போனில் அனுப்பினாள். அவளைத் திட்டாதீங்க. திட்டுவதென்றால் உங்களைத்தான் நான் திட்ட வேண்டும்.

ஊசியைத் தாங்குகிற அந்தக் கையின் தலையில் என்ன அது? எலுமிச்சம்பழம் அளவில், மஞ்சள் துணியில் ஒரு மூட்டை! அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம், நூல் சுற்றிச் சுற்றி முடிச்சு. ஒரு கிராம் இரண்டு கிராம் என்று நான் இங்கே நுள்ளி நுள்ளிப் பார்த்து வாங்கி அனுப்புகிறேன், நீங்க அங்கே அதன் தலையில் அம்மிக்கல்லைக் கட்டி வைத்திருக்கிறீங்க. ஜப்பான்காரனைச் சொல்லிக் குற்றமில்லை, செரமிக்காரனையும் சொல்லிக் குற்றமில்லை. அதன்கீழே இரும்புக் கடப்பாரையை வைத்தாலும் வளைந்துதான் போகும்.

அதற்குப் பக்கத்தில் அம்மன் பாட்டுத் தட்டும் படத்தில் தெரிந்தது. கறுப்பாகப் பளபளத்த தட்டு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. யார் அதை அப்படி உழுதது? அந்தப் பாரத்தில் வருஷக்கணக்காக ஓட்டினால்தான் தட்டு இப்படி ஆகும். அவர் இருந்தபோதும் அந்த மூட்டை இருந்ததா? பாட்டில் ஒரு முள் குத்தினால் உலகத்தையே அறைகிற மனுசன் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்?

கத்தரிக்கோலை எடுங்க. மூட்டையை வெட்டி எறியுங்க. பிறகு அடுத்த ஊசி அனுப்புகிறேன். சாமி பெயரைச் சொல்லிச் சாமானை நாசமாக்குகிற புத்தியை முதலில் விடுங்க.

காளிதாஸ்


ருவான்வெல்லை
04.04.2024

தம்பிக்கு,

கத்தரிக்கோலா? உன் நாக்கைத்தான் வெட்ட வேண்டும்.

அது மூட்டை இல்லை, அம்மாவின் வேண்டுதல். நீ போன மறுநாள், ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, சாமிப் படத்தில் கட்டாமல் அந்தக் கையில் கட்டினாள். நீ பிடித்துத் தூக்குகிற கை என்பதால் அதில் கட்டினாள். "எம்புள்ள இந்த வூட்டுக்குத் திரும்பி வந்து, அவங்கையால இத அவுத்து, ஒன் உண்டியல்ல போட்டுட்டுப் பாட்டு வைக்கணும் தாயே" என்று சொல்லிக் கட்டினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வெளியே சொன்னால் பலிக்காது என்று என் வாயையும் கட்டினாள். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் பழைய துணிக்கு மேலேயே புதுத் துணி சுற்றிச் சந்தனம் வைத்தாள். அவளுக்குப் பிறகு நான் சுற்றுகிறேன். அதுதான் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. நீ சீக்கிரம் வந்திருந்தால் அது நெல்லிக்காய் அளவிலேயே இருந்திருக்கும். பாரம் ஏறியது யாரால் என்று இப்போது சொல்.

கிராம் கணக்கு எனக்குத் தெரியாது. வேண்டுதல் காசை யாருக்காக முடிந்ததோ அவன்தான் அவிழ்க்க வேண்டும், அது தெரியும். நான் அவிழ்த்தால் உனக்கு ஆகாது. உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதைச் செய்ய என் கை வராது. இப்போது சொல்லிவிட்டேன், பலிக்காமல் போனால் அந்தப் பாவம் உன் ஊசிகளுக்கு.

திருவிழா நெருங்கிவிட்டது. ஊசியை அனுப்பாதே, கொண்டு வா.

அக்கா


மருதானை
12.04.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வருகிறது. ஒருத்தருக்காக வேண்டிக்கொள்வீங்களாம், அவனிடம் மட்டும் சொல்லமாட்டீங்களாம். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு வாய் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். ஒரு தபால் அட்டை போட்டிருந்தால் அம்மா உயிரோடு இருக்கும்போதே வந்திருப்பேன். சாமிக்கு ரகசியம், பெற்ற பிள்ளைக்குப் பட்டினி!

வருகிறேன். ஆனால் கோயிலுக்கு. பெட்டியை நீங்க அங்கே தூக்கி வந்துவிடுங்க, அங்கேயே அவிழ்த்து உண்டியலில் போட்டுவிட்டுப் பாட்டு வைக்கிறேன். வீட்டுக்கு வரமாட்டேன். முன் அறையில் அவருடைய படம் மாலையோடு தொங்குகிறதாமே, லக்ஷிகா சொன்னாள். அதைக் கழற்றி வை என்றேன், அம்மாவைக் கேட்கணும் மாமா என்று நழுவிவிட்டாள். கரகத்துக்கு முன்னால் என்னை அறைந்தவர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அதற்குக் கீழே உட்கார்ந்து என்னால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாது. ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது, தப்பு என்மேல்தான் என்று அவர் சொல்லியிருந்தால் வேறு கதை. சொல்லவே இல்லை.

காளிதாஸ்


ருவான்வெல்லை
26.04.2024

தம்பிக்கு,

பாட்டு வந்தது. சுரேந்திரன் முகத்தைப் பார்த்தாயா? வரக்காப்பொலப் பையன்களே தங்கள் பெட்டியை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டார்கள். தப்பு மேளக்காரர்கள் பக்கத்தில் வந்து அடித்தபோது ஊசி குதித்துவிடுமோ என்று நீ கையோரம் விரலை வைத்துக்கொண்டே குனிந்து நின்றாயே, அதையும் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது உனக்கு. உருண்டை முனைதான் சரி என்று நீ எழுதியது சரிதான். முதல் மரியாதை நமக்கே என்று கமிட்டி எழுதியும் கொடுத்துவிட்டது.

அதற்காக உன்னைக் கொஞ்சுவேன் என்று நினைக்காதே. வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். வீட்டு வாசலில் பந்திக்கு இலை போட்டிருந்தேன். பயற்றங்காய்க் கறி உனக்காகத்தான் வைத்தேன். நீ பாட்டை வைத்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவிசாவளை பஸ்ஸைப் பிடித்தாய். சத்தியம் இருந்ததால் நான் கூப்பிட முடியவில்லை, லக்ஷிகா பின்னாலேயே ஓடிவந்து கத்தினாளே, அதுவும் காதில் விழவில்லையா?

ஒன்று தெரிந்துகொள். நீ முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலுக்குக் கொண்டுபோனபோது உன் கையிலிருந்து நான் பிடுங்கினேன் அல்லவா? நான் போடப்போகிறேன் என்று நினைத்து விட்டுவிட்டாய். நான் போடவில்லை. அம்மா கேட்டது நீ வீட்டுக்கு வரவேண்டும் என்று. கோயில் வாசலில் வந்து அவிழ்த்துவிட்டால் அம்மனை ஏமாற்றலாம், அம்மாவை ஏமாற்ற முடியாது. அன்றைக்கே அதைப் புதுத் துணியில் முடிந்து பெட்டியின் கையில் திரும்பக் கட்டிவிட்டேன். நீ எத்தனை ஊசி தெரிந்தெடுத்து அனுப்பினாலும் இனி மடியத்தான் போகிறது.

அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். ஆமாம், சொல்லவில்லை. அவருக்கு அந்த வாய் கிடையாது. ஆனால் நீ கேட்ட இன்னொரு கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. தட்டை உழுதது யார் என்று கேட்டாயே? அப்பாதான் உழுதார். நீ போன அடுத்த கிழமையே கொழும்புக்குப் போய்ப் புது ஊசி வாங்கி வந்தார். தன் கையாலேயே மாட்டினார். முடிச்சின் பாரத்தில் அது தேய்ந்தது, இன்னொன்று வாங்கினார். அதுவும் தேய்ந்தது. பிறகு கடைகளில் ஊசி வராமல் போயிற்று, தேய்ந்ததை வைத்தே ஓட்டினார். ஒவ்வொரு தட்டாகச் சாம்பல் பூத்தது. கல்யாண வீடுகளில் ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பாட்டில் ஒரு முள் குத்தினால் தாங்காத மனுசன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு போட்டார். அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "ஏங்க, அத அவுத்து சாமிப் படத்துல கட்டிர்றேன், தொழில் போகுதே" என்றாள். அதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "அதத் தொடாத. தட்டு போனாப் போகட்டும்."

உனக்கு ஊசியைப் பற்றித் தெரியும், தட்டைப் பற்றித் தெரியும். இதற்கு என்ன அர்த்தம் என்று நீயே பார்த்துக்கொள்.

அக்கா


மருதானை
02.05.2024

அக்காவுக்கு,

கடையில் நின்றே படித்தேன். ஆட்கள் சாமான் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அதிகம் எழுத முடியாது.

திரும்பக் கட்டியதற்கு உங்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? நான் அன்றைக்கு மாட்டியது நல்ல ஊசி, அதையும் இந்நேரம் மடித்திருப்பீங்க. இன்னொன்று எடுத்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் அனுப்பப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வருகிறேன். அதுவரை யாரும் முடிச்சில் கை வைக்க வேண்டாம். லக்ஷிகாவிடம் படத்தைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தேன், வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அப்பாவும் கேட்கட்டும்.

காளிதாஸ்